எந்த ஏர்போர்ட் பெருசு என்று கேட்ட அக்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். விளக்கேற்றி, சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்காருவேன். முதல் வரி வருவதற்குள் ஏதாவது வேலை வந்துவிடும். வேலை வராத நாளில் நானே எழுந்து போய் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், சித்தூரில். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா உயிரோடு இருந்தவரை எழுதக்கூடாது என்றும் ஒரு எண்ணம் இருந்தது. இப்போது அவள் இல்லை. பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அவளுடைய அண்ணன் பிள்ளைகள் வரதய்யபாளையம் பக்கத்தில் குடும்பமாக இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு சத்திரத்துக்கு மேனேஜராக இருந்தார். மலைக்குப் போகிறவர்களும் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் வந்து தங்குகிற சத்திரம். பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை. அதை ஒட்டிச் சமையற்கட்டு. அக்கா அங்கே சமைக்கிறவள். நான் கல்யாணமாகி வந்தபோதே அவள் அங்கே இருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. திடமான உடம்பு, நீளமான கூந்தல். அதைக் கொண்டையாகப் போட்டு, அதன்மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். ஒரு முடி சோற்றில் விழுந்து நான் பார்த்ததில்லை.

அவள் சாம்பாரைப் பற்றியும் எழுதலாம். ஆனால் அவளை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கேள்விதான். சத்திரத்துக்கு யாராவது கொஞ்சம் வசதியானவர்கள், தோல் பெட்டியோ கைக்கடிகாரமோ வைத்திருப்பவர்கள் வந்தால், இலை போட்டுப் பரிமாறும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"சாமி, நீங்க ப்ளேன்ல போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

"ப்ளேன் எறங்கற எடம் பெர்சா? மலைமேல நாலு மாட வீதி கீதே, அத்தவுட பெர்சா? கூட்டம் எப்படி? பிரம்மோத்சவக் கூட்டம் இருக்குமா?"

தெலுங்குக்காரர்களாக இருந்தால் தெலுங்கில் கேட்பாள். "பெத்ததா அண்டி? ரத்தீ ஜாஸ்தியா?" பெரிய இடமா, நெரிசல் அதிகமா என்று. கன்னடக்காரர்களிடம் கையை அகலமாக விரித்துக் காட்டிக் கேட்பாள். வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். சமையற்கட்டுப் பெண்ணுக்கு ஏர்போர்ட் மேல் என்ன ஆசை என்று நினைப்பார்கள். பிறகு சொல்ல ஆரம்பிப்பார்கள். ப்ளேனில் போய்வந்தவர்கள் அந்தக் காலத்தில் கொஞ்சம் பேர். கேட்க ஆள் கிடைத்தால் விடுவார்களா!

ஒரு தடவை மாதுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு துணி வியாபாரியும் மெட்ராஸ் வக்கீல் ஒருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கேட்டுவிட்டாள்.

"லண்டன்தாம்மா பெரிசு. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு பஸ் வச்சிருக்கான்" என்றார் வக்கீல்.

"யாரு சொன்னா? நியூயார்க்கைப் பாத்தா உங்க லண்டன் ரேணிகுண்டா ஸ்டேஷன் மாதிரி இருக்கும்" என்றார் வியாபாரி.

"நீர் நியூயார்க் போயிருக்கீரா?"

"என் மச்சினன் போயிருக்கான்."

"மச்சினன் போனதுக்கு நீர் ஏன்யா இலையில கையைத் தட்டறீர்? ரசம் தெறிக்குது பாரும்."

பந்தியே சிரித்தது. அக்கா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றிருந்தாள். சிரிப்பு அடங்கினதும் சொன்னாள்: "பெர்சு எது, கூட்டம் எது, தனித்தனியா சொல்லுங்க சாமி."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டில் ஒரு சாட்சி சரியான இடத்தைத் தொட்டுவிட்டால் பார்ப்பது மாதிரி இருந்தது. "நல்ல கேள்விம்மா. பெரிசுங்கறது எடம். கூட்டங்கறது ஜனம், ப்ளேன் போக்குவரத்து. கூட்டத்துக்கு அமெரிக்காவுல சிகாகோன்னு சொல்றாங்க. ஒண்ணு எறங்கறதுக்குள்ள இன்னொண்ணு தலைக்கு மேல வந்து சுத்திக்கிட்டு நிக்குமாம்."

"ரெண்டும் சேந்தாப்பல இருக்கறது எது?"

வக்கீலுக்குத் தெரியவில்லை. வியாபாரியின் மச்சினனும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"சரி. ரசம் ஊத்தட்டா?" என்று அக்கா அடுத்த இலைக்குப் போய்விட்டாள். ஏர்போர்ட்டைக் கேட்ட குரலும் ரசத்தைக் கேட்ட குரலும் ஒன்றுதான். அவள் குரல் ஏறியோ இறங்கியோ நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அக்காவுக்குப் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகன். அவனுக்கும் சமையல் கற்றுக்கொடுத்திருந்தாள். மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவரின் வீட்டில் அவனுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அந்தத் துரைக்கு ஒரு கைக்குழந்தை. குழந்தை இவனிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் திரும்பும்போது துரையும் துரைசானியும் இவனையும் ப்ளேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். மீனம்பாக்கத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா பார்த்தாளாம். படி ஏறும்போது குழந்தை அவன் தோளில் இருந்ததாம்.

அதற்குப் பிறகு சேதி இல்லை. அக்கா அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போய் விசாரித்திருக்கிறாள். அங்கே ஒருத்தர், "வழியில ப்ளேன் மாத்தற எடத்துல கொழந்தைக்குப் பால் வாங்கப் போனானாம். திரும்பி வரலையாம். அது ரொம்பப் பெரிய ஏர்போர்ட், ரொம்பக் கூட்டம். என்ன பண்றது சொல்லும்மா" என்றாராம். எந்த ஊர் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. துரை வேறு தேசத்துக்கு மாறிப் போய்விட்டார் என்றும் எழுதிக் கேட்டிருப்பதாகவும் சொன்னாராம். அடுத்த முறை அவள் போனபோது அந்த இடத்தில் ஆபீசே இல்லை. காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் கையில் இருந்தது அவ்வளவுதான். ரொம்பப் பெரிசு, ரொம்பக் கூட்டம். அந்த இடம் எது என்று தெரிந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் திருப்பதிக்கு வந்து சேர்ந்தாள். எல்லா ஊர்க்காரனும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இங்கே வந்துதானே ஆக வேண்டும்! மகன் கிடைத்தால் முடி கொடுப்பதாக மலையப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அது சத்திரத்தில் பெருக்குகிறவளிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

"முன்னாலயே குடுத்துடேன்க்கா, சாமி மனசு எறங்கும்" என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"காரியம் ஆவாம குடுத்தா அது கணக்குல வருமா தங்கச்சி?" என்றாள்.

அந்த வருஷங்களில்தான் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா தனியாகப் போய், எங்கள் சித்தூரும் அதோடு போய்விட்டது. திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. அக்காவின் ஊர் அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில், பொன்னேரி தாலுகாவில் இருந்தது. அதை ஆந்திராக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடி மாசம் அவள் ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில், அம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டிருந்தார்கள். ஒருவர் தமிழில் பேசினார், ஒருவர் தெலுங்கில் பேசினார். இரண்டு பேரும் நடுநடுவே மற்ற பாஷையில் திட்டிக்கொண்டார்கள். ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம், தாலுகா ஆபீஸ் எந்தப் பக்கம் என்று ஜனங்கள் கேட்டார்கள். அக்கா எழுந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லு நைனா. ஊரப் பிரிச்சா மீனம்பாக்கம் எந்தப் பக்கம் போவும்?"

ஒரே சிரிப்பு. அவளுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏய், குந்து. ஊரே நெலத்தக் கேட்டுக்கினு கீது, இவ ஆகாசத்தக் கேக்கறா."

மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அது மெட்ராஸ்லயேதாம்மா இருக்கும். போனா நீங்கதான் போவீங்க."

அவள் உட்கார்ந்துகொண்டாள். கூழ் குடித்தாள்.

பிறகு கோடு போட்டு முடித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. சத்தியவேடு, வரதய்யபாளையம், அக்காவின் ஊர் எல்லாம் ஆந்திராவில் எங்கள் பக்கம் வந்தன. நானும் அக்காவும் ஒரே ஜில்லாக்காரர்களாகிவிட்டோம். நான் அதை ஒரு சந்தோஷமாகச் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவன எங்கனா நிறுத்தி உன் ஊரு இன்னா, எந்த ராஜ்யம்னு கேட்டா, மெட்ராஸ் ராஜ்யம், பொன்னேரி தாலுகான்னுதான சொல்வான்? அங்க தேடிப் பாத்துட்டு அப்படி ஒரு ஊரே இல்லன்னுடுவாங்களே தங்கச்சி."

என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து இதைக் கேட்டுவிட்டு, "அங்க இருக்கறவனுக்கு மெட்ராசும் ஒண்ணுதான் ஆந்திராவும் ஒண்ணுதான், பயப்படாத" என்றார்.

"அப்ப ஊரு இல்லாதவன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து ஐதராபாத்தையும் சேர்த்துக்கொண்டாள். தலைநகரம் இனிமேல் அதுதானே, அவனை அங்கே அனுப்பிவைத்துவிட்டால்? "ஐதராபாத்துல ப்ளேன் எறங்கற எடம் பெர்சா, மீனம்பாக்கம் பெர்சா?" என்று தெலுங்கு ஆபீசர்களைக் கேட்பாள். அவர்கள் ஐதராபாத்தை விட்டுக்கொடுக்காமல் சொல்வார்கள். தமிழ்க்காரர்கள் மெட்ராஸை விட்டுக்கொடுக்காமல் சொல்வார்கள். எல்லையில் நடந்த சண்டை பந்தியிலும் நடக்கும். அவள் இருவருக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு மோர் ஊற்றுவாள்.

பாகாலாவில் நடந்தது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. என் அம்மா வீட்டுக்குச் சித்தூருக்கு அவளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். பாகாலாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அக்கா, "பால் வாங்கியாறேன்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்களோடு குழந்தை யாரும் இல்லை. எதற்குப் பால் என்று நான் கேட்பதற்குள் போய்விட்டாள். மணி அடித்தார்கள், ஊதினார்கள். வண்டி அசைந்தது. நான் ஜன்னல் வழியாக "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அவள் பால் கடை முன்னால் சொம்போடு நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. ஒரு போர்ட்டர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து கடைசிப் பெட்டியில் ஏற்றிவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் என் பெட்டிக்கு வந்தாள். சொம்பில் பால் அலுங்காமல் இருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? உயிரே போயிடிச்சு" என்றேன். அழுகைகூட வந்துவிட்டது எனக்கு.

"இங்கயே இம்மாம் நேரந்தான் நிக்குது. அங்க எம்மா நேரம் நிப்பாட்டியிருப்பாங்க?" என்றாள். பிறகு, "இந்தா, சூடு ஆறதுக்குள்ள குடி" என்று சொம்பை என்னிடம் கொடுத்தாள்.

இன்னொரு நாள், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு மனசு தாங்கவில்லை. எண்ணெய் மில் வைத்திருந்தவர், நல்ல மனிதர். இவள் கதையை என் வீட்டுக்காரர் மூலமாகக் கேட்டிருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அம்மா, நான் ரோம்ல ப்ளேன் மாறும்போது ஒரு தமிழ்ப் பையனைப் பாத்தேன். நல்லாத்தான் இருந்தான்" என்றார். அவர் ரோமுக்குப் போனதில்லை என்று எங்களுக்குத் தெரியும். மெட்ராசுக்குக்கூட ரயிலில்தான் போவார். ஒரு ஆறுதலுக்குச் சொல்கிறார்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நின்னுக்கினு இருந்தானா, நடந்துக்கினு இருந்தானா?"

அவர் கொஞ்சம் தடுமாறி, "நடந்துதாம்மா போய்க்கிட்டிருந்தான். கையில ஒரு பொட்டிகூட இருந்துச்சு" என்றார்.

"அப்ப அவன் இல்ல சாமி" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு நான் ஏன் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவள் எனக்கு அதைச் சொன்னாள். இந்தப் பக்கத்தில் நாங்கள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒன்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவோம். கூட்டத்தில் கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நில், அழாதே, யார் கூப்பிட்டாலும் போகாதே, நாங்கள் வந்து கண்டுபிடிப்போம் என்று. என் அம்மாவும் எனக்குச் சொன்னாள். அக்கா அவள் மகனுக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறாள். ஒரு தடவை அவன் தேர்க் கூட்டத்தில் தொலைந்து, நின்ற இடத்திலேயே நின்று, கிடைத்தும் இருக்கிறான். மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போதும் அதையே சொல்லியிருக்கிறாள்.

"மீசை மொளச்சவனுக்குச் சொல்றியேம்மான்னு சிரிச்சான். ஆனா சொன்னாக் கேக்கற புள்ள. நவுர மாட்டான். நின்ன எடத்துலயே நிப்பான். நான்தான் போவணும். எந்த எடம்னு தெரிஞ்சாத்தான போவ முடியும்?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி முழுசாகப் புரிந்தது. பெரிய இடமாக இருந்து கூட்டம் இல்லாவிட்டால், தனியாக நிற்கிறவன் யார் கண்ணிலாவது படுவான். கூட்டம் இருந்து இடம் சின்னதாக இருந்தால், மைக்கில் கூப்பிட்டால் காதில் விழும். இரண்டும் சேர்ந்த இடமாக இருந்தால்தான் ஒருத்தன் நின்றுகொண்டே இருப்பான், யாருக்கும் தெரியாது. அவள் தேடிக்கொண்டிருந்தது அந்த இடத்தை. அத்தனை வருஷம் அவன் ஒரே இடத்தில் நிற்க முடியுமா, சோறு யார் போடுவார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மாவு புளித்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷப் பிரம்மோத்சவத்தில் தேர் நாளன்று நானும் அக்காவும் மலைக்குப் போனோம். காலையிலேயே மாட வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். கோவிந்தா கோவிந்தா என்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. தேர் எங்களைத் தாண்டிப் போனதும் கொஞ்சம் இடம் விட்டது. அப்போது ஒரு சின்னப் பெண் குழந்தை சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தது. பாவாடை எல்லாம் மண். சேலம் பக்கத்துத் தமிழ். அம்மா கையை விட்டுவிட்டதாம்.

அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாத கண்ணு. இங்கயே நில்லு. நவுராத. உங்கம்மா இங்கதான் தேடிக்கினு வருவா."

நாங்களும் அங்கேயே நின்றோம். அக்கா மடியில் வைத்திருந்த பொரியைக் கொடுத்தாள். குழந்தை தின்றுகொண்டே அழுதது. வெயில் ஏறிவிட்டது. தேர் அடுத்த வீதிக்குத் திரும்பிவிட்டது. யாரும் வரவில்லை. எனக்குக் கால் கடுத்தது. கடைசியில் கையில் பட்டை கட்டிய ஒரு தொண்டர் வந்தார். தெலுங்குக்காரர். தனக்கு வந்த தமிழில், "பிள்ளையை பந்தலுக்கு எடுத்துட்டுப் போகணும்மா. காணாமப் போனவங்க எல்லாம் அங்க. மைக்குல சொல்வாங்க" என்றார்.

"வேணாம் நைனா. நின்ன எடத்துலயே இருக்கட்டும். அவங்கம்மா வருவா" என்றாள் அக்கா. குழந்தையின் கையை விடவே இல்லை.

"எப்போ நுஞ்சி நிக்கறீங்க? வந்தாளா?" என்று கேட்டார் அவர். எத்தனை நேரமாக என்று கேட்கிறார். குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அக்கா கையை விடாமல் பின்னாலேயே போனாள். நான் அவள் பின்னால் போனேன்.

பந்தலில் அந்தத் தாய் இருந்தாள். தொண்டை கட்டிப்போய், தலைவிரி கோலமாகக் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் ஓடி வந்து முதலில் ஒரு அறை, அப்புறம் கட்டிக்கொண்டாள். நான் சாமியை நினைத்துக் கைகூப்பினேன்.

அக்கா அவளிடம் கேட்டாள். "ஏம்மா, தொலைஞ்ச எடத்துல போயித் தேடலியா நீ?"

"அந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடறதுங்கம்மா? கெடைச்சா இங்கதான் கொண்டாருவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பலேருந்து இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

அக்கா மேசைக்குப் பின்னால் மைக்கோடு இருந்தவரிடம் போனாள். தமிழும் தெலுங்குமாக மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"அய்யா, இங்க வராம நின்ன எடத்துலயே நின்னுட்டவங்க இன்னா ஆவாங்க?"

அவருக்கு அவசரம். "வரலைன்னா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? யாராச்சும் கூட்டிட்டு வந்தாத்தான். இல்ல, தானா நடந்து வந்தாத்தான். நீங்க யாரைத் தேடறீங்க?"

"ஒருத்தருமில்ல" என்றாள் அக்கா.

குளத்தங்கரையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இதோ வருகிறேன் என்று போனாள். கால் கழுவத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு மொட்டைத் தலை, சந்தனம் பூசிக்கொண்டு, என் எதிரில் வந்து நின்றது. யாரோ என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன். "வா தங்கச்சி, போலாம்" என்றதும்தான் தெரிந்தது.

கல்யாணகட்டாவில் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சத்திரத்துக்குத் திரும்பினால், பூக்காரிதான் முதலில் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அக்கா! பையன் வந்துட்டானா? வேண்டுதலை முடிச்சுட்டியா?" பெருக்குகிறவள் வந்தாள், பக்கத்துச் சத்திரத்துச் சமையல்காரர் வந்தார். மகன் கிடைத்தால்தான் முடி என்பது ஊருக்கே தெரியும். முடி இல்லை. அப்படியானால் மகன் வந்துவிட்டான். வேறு எப்படி நினைப்பார்கள்? பூக்காரி ஒரு முழம் மல்லிகையை எடுத்து, வைக்க முடி இல்லாததால் அவள் கையில் சுற்றினாள். அக்கா பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அரிசி களைய உட்கார்ந்தாள். "எங்க அவன்? ஊருக்குப் போயிருப்பான், மாமனப் பாக்க" என்று கேள்வியையும் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குச் சத்திரத்துக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் வந்துகொண்டே இருந்தன.

ஒரு மத்தியானம், இரண்டு பேரும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன்க்கா குடுத்த? இன்னும் வரலையே?"

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நிக்க வேணாம்னு சொல்லிட்டு வந்தேன் தங்கச்சி. அந்தப் புள்ளயும் ஆத்தாவும் ஆளுக்கு ஒரு எடத்துல இருந்தாங்க பாரு. அந்த ஆளு வந்து தூக்கலன்னா ரெண்டு பேரும் அப்படியேதான் இருந்திருப்பாங்க. நானும் இங்க குந்திக்கினு கீறேன். அவனும் நின்னுக்கினு கீறான். நான் சொன்னாத்தான் நவுருவான். எனக்கு அங்க போவ வழி தெரில. சாமிக்கு எல்லா எடமும் தெரியும் இல்ல? நீ போயிச் சொல்லு, உங்கம்மா நவுரச் சொல்லிட்டா, எங்கனா போயி நல்லா இருடான்னு சொல்லுன்னு கேட்டேன். சும்மா போயிச் சொல்லுன்னு சாமிய ஏவ முடியுமா? அதுக்குத்தான் குடுத்தேன்."

எனக்கு அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அழுகை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வராது. காய் நறுக்கி முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து வேலையைப் பார்த்தோம்.

அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு தடவை, ஒரு டாக்டர் குடும்பம் அமெரிக்காவிலிருந்து நேராக வந்து இறங்கியது. அவராகவே, "உலகத்துலயே பெரிய ஏர்போர்ட் வழியா வந்தோம், அப்பா, என்ன கூட்டம், என்ன கூட்டம்" என்று பந்தியில் சொல்ல ஆரம்பித்தார். நான் கதவு மறைவிலிருந்து அவளைப் பார்த்தேன். அக்கா அவர் இலைக்குக் கூட்டு வைத்தாள். "உப்பு சரியா கீதா சாமி?" என்று கேட்டாள்.

சில வருஷங்கள் கழித்து அவளுடைய அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முடி திரும்ப வளர்ந்திருந்தது, பாதி வெள்ளையாக. அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். எனக்குச் சேதி வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாசம் ஒரு பஜனையில் கேட்ட பிரசங்கம். திருப்பதியில் ஒரு சத்திரத்தில் சமையல் செய்த ஏழைத் தாய்க்காக ஸ்ரீநிவாசன் ஆபீசர் வேஷம் போட்டுக்கொண்டு வெளிதேசத்து ஏர்போர்ட்டுக்குப் போனாராம். அங்கே நின்றிருந்த அவள் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சத்திரத்து வாசலில் விட்டாராம். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட கருணை பாத்தீங்களா" என்றாள். நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், சாமி பேரைத்தானே சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருப்பார்.

நானும் அந்தச் சாமியைத்தான் கும்பிடுகிறேன். அவர் அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். அதற்கு மேல் ஒன்றும் நடந்து நான் பார்க்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அவள் அழுததாகச் சொல்லாதீர்கள், அவள் அழவில்லை. அந்தப் பையனை மட்டும் யாரும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். போ என்று அவளே சொல்லிவிட்டாள்.